வாட்டர்லூ மேசையில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறி வழியே காரணம் தேடுதல்

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நடந்த போரை மேசைமீது விளையாட விரும்புபவர் படைவீரர் உருவங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிவிடலாம். அவர்கள் நின்று போரிடும் நிலத்தை மட்டும் பெரும்பாலும் தம் கையாலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மோன்-சேன்-ஜான் மேட்டின் நடுப்பகுதியையும் அதன் முன்சரிவில் இருந்த லா ஹே சாந்த் பண்ணையையும், 1:72 அளவு (உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் உருவங்களுக்கு ஏற்றபடி, 60 செ.மீ. சதுரப் பலகைகளாக நான் செய்தபோது நேர்ந்த கோளாறுகளே இவ்வழிமுறைக்கு அடிப்படை. எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டியான நுரைப்பலகை, தெர்மாகோல், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, ஃபெவிகால், பட்டி, மணல், அக்ரிலிக் வண்ணம் ஆகியவற்றைக் கொண்டு வேறு எந்தக் காலத்துப் போர்க்களத்தைச் செய்பவருக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

அறிகுறி மேற்பரப்பில் தெரியும்போது அதை மேற்பரப்பிலேயே சரிசெய்ய முயல்வதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு. உதிரும் புல்லின்மேல் மேலும் பசையை ஊற்றுகிறோம், வெடித்த பட்டியின்மேல் மேலும் பட்டி பூசுகிறோம். ஆனால் காரணம் அநேகமாக ஓர் அடுக்குக் கீழே, முந்தைய நாள் காயாமல் விட்ட ஈரத்தில் இருக்கும். ஆகவே எந்தப் பழுதைத் தொடுவதற்கு முன்பும் பலகையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பலகையின் அடியில் பென்சிலால் எழுதிவைத்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் நிறுத்துப் பார்க்கவேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்ற பிறகே பழுதுபார்க்கத் தொடங்கலாம். விரலால் தொட்டுப் பார்ப்பதைவிட இது நம்பத்தக்க சோதனை, ஏனெனில் மேல்தோல் காய்ந்துவிட்ட பட்டி விரலை எளிதில் ஏமாற்றிவிடும்.

பலகையின் மூலைகள் மேல்நோக்கி வளைந்துவிட்டன

மூலைகள் மேல்நோக்கி எழுந்து நடுப்பகுதி தாழ்ந்திருந்தால், மேற்புறத்தில் பூசியது காயும்போது சுருங்கித் தன் பக்கமாக இழுத்திருக்கிறது. ஃபெவிகால், பட்டி, நீர்கலந்த வண்ணம் ஆகிய மூன்றுமே நீரை இழக்கும்போது சுருங்குபவை, அடியில் உள்ள 3 மி.மீ. எம்.டி.எஃப். அந்த இழுப்பைத் தாங்காது. மூலைகள் கீழ்நோக்கி இறங்கி நடுப்பகுதி உப்பியிருந்தால் கதை வேறு: மேற்புறம் இன்னும் நீரைக் குடித்து விரிந்த நிலையில் இருக்கிறது, அதாவது வேலை முடியவில்லை. இரண்டாவது வகையைத் தொடாமல் விட்டாலே பல நேரங்களில் பாதி வளைவு தானாக இறங்கிவிடும். அதற்குள் பொறுமையிழந்து அடியில் கட்டை வைத்துத் திருகாணி போட்டுவிட்டால், பின்னர் அதே பலகை எதிர்த்திசையில் வளையும்.

முதல் வகை வளைவுக்கு, பலகையைக் கவிழ்த்து, எம்.டி.எஃப்.பின் அடிப்புறத்தில் நீர்கலந்த ஃபெவிகாலை ஒரே சீராகப் பூசி, மேற்புறத்துப் புல்லும் மேடும் நசுங்காதபடி அவற்றின் சுற்றிலும் ஒரே உயரமான கட்டைகளைக் கொடுத்து, அடிப்புறத்தின்மேல் புத்தகக் கட்டுகளை ஏற்றி இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். அடிப்புறப் பூச்சு காயும்போது அதுவும் சுருங்கி எதிர்த்திசையில் இழுப்பதால் பலகை நேராகிறது. 60 செ.மீ. பலகையில் 5 மி.மீ. வரையான வளைவு இப்படிச் சரியாகியிருக்கிறது. அதற்கு மேற்பட்டதை முழுமையாக நிமிர்த்த என்னால் முடிந்ததில்லை. அத்தகைய பலகையின் நுரைப்பகுதியை அடியிலிருந்து நீண்ட கத்தியால் பிரித்தெடுத்துப் புதிய பலகையில் ஒட்டுவதே குறைந்த வேலை.

அடுத்த முறை செய்யும்போது 6 மி.மீ. எம்.டி.எஃப். அல்லது பிளைவுட் எடுத்து, மேற்புறத்தில் கைவைப்பதற்கு முன்பே இரு புறமும் நான்கு விளிம்புகளும் உட்பட ஒரு கை வார்னிஷோ ப்ரைமரோ அடித்துக்கொள்ளவும். விளிம்பை விட்டுவிட்டால் எம்.டி.எஃப். அந்த வழியாக நீரை உறிஞ்சிப் பொருக்குப் பொருக்காக வீங்கும். அப்படி வீங்கிய விளிம்பை அறுத்தெறிவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

ஒட்டிய அடுக்குகள் சில நாள் கழித்தும் வழுக்கி நகர்கின்றன

இரண்டு நுரைப்பலகைகளை முழுப்பரப்பிலும் ஃபெவிகால் தடவி ஒட்டி, ஒரு வாரம் கழித்து மேட்டைச் செதுக்கத் தொடங்கியபோது மேலடுக்கு தோசைக்கல்லில் வெண்ணெய் போல நழுவியது. பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மட்டும் பசை காய்ந்து, நடுவில் பூசியபடியே வெள்ளையாக இருந்தது. எக்ஸ்.பி.எஸ். என்பது மூடிய கண்ணறைகளால் ஆனது, நீரையோ காற்றையோ ஊடே விடாது. ஃபெவிகாலோ நீர் வெளியேறினால்தான் இறுகும். ஓரத்தில் இறுகிய பசையே நடுவில் இருக்கும் நீருக்கு அணையாகிவிடுகிறது.

நழுவிய அடுக்குகளை முற்றிலும் பிரித்து, பழைய பசையைத் துணியால் துடைத்து, இரு முகங்களையும் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மெல்லிய பூச்சாகப் பசை தடவி, கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும் வரை திறந்தே வைத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்தவும். மூலைக்கொன்றும் நடுவில் இரண்டுமாகப் பல்குச்சிகளைச் சாய்வாகக் குத்திவிட்டால் பக்கவாட்டு நகர்வு நிற்கும். ஆனால் பின்னர் சூடான கம்பியாலோ கத்தியாலோ அறுக்க இருக்கும் இடத்தில் பல்குச்சி குத்தக்கூடாது. அறுவை அந்த இடத்தில் தடுக்கி, சரிவில் ஆறாத வடுவை விட்டுவிடும்.

நுரையில் குழிகள் விழுந்து பரப்பு உருகியிருக்கிறது

ஸ்பிரே டப்பாவால் வண்ணம் அடித்த சில நொடிகளில் பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்தால் குற்றவாளி வண்ணம் அல்ல, அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான். தெர்மாகோலும் எக்ஸ்.பி.எஸ்.உம் பாலிஸ்டைரீன், அசிட்டோன், டொலுயீன் போன்றவை அதைக் கரைத்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் மஞ்சள்நிற ரப்பர் பசையும், உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையும் அதே வேலையைச் செய்யும். பசையைப் பொறுத்தவரை, வாங்கிய டப்பாவிலிருந்து ஒரு சொட்டை வீணான துண்டில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பது ஒரு பலகையைக் காப்பாற்றும்.

இந்தக் குழிகளைப் பீரங்கிக் குண்டு விழுந்த பள்ளங்கள் என்று சொல்லிச் சமாளிக்கும் வழக்கம் உண்டு. முதல் உலகப் போர்க் களத்துக்கு அது ஓரளவு செல்லும், வாட்டர்லூவுக்குச் செல்லாது. அந்நாளைய பீரங்கிகள் பெரும்பாலும் வீசியது வெடிக்காத இரும்பு உருண்டைகளை. அவை உலர்ந்த தரையில் பட்டுத் தெறித்துத் தெறித்துப் போய் அணியணியாக வீழ்த்துபவை. போருக்கு முந்தைய இரவு பெய்த கனமழையால் நிலம் சேறாகி, பல உருண்டைகள் தெறிக்காமல் மண்ணிலேயே புதைந்தன. அக்களத்தில் வட்டவட்டமான பெரும் பள்ளங்களைக் காட்டுவது நூறு ஆண்டு பிந்திய போரை இங்கே கொண்டுவந்து வைப்பதாகும். எனவே குழிகளை நிரப்பத்தான் வேண்டும்: கரைப்பான் முற்றிலும் ஆவியாக ஒரு நாள் விட்டு, பொருபொருத்த பகுதியைச் சுரண்டி எடுத்து, அக்ரிலிக் பட்டியை மெல்லிய அடுக்குகளாக இட்டு, உப்புத்தாளால் தேய்க்கவும். பிறகு ஃபெவிகாலும் கரும்பழுப்பு அக்ரிலிக் வண்ணமும் சம அளவில் கலந்து இரண்டு கை பூசினால் பரப்புக்கு ஒரு தோல் கிடைக்கும். இருந்தாலும் அந்தத் தோலில் ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தாலும் கரைப்பான் அதன் வழியே புகுந்து உள்ளே குகை தோண்டிவிடும் என்பதால், நுரையில் செய்த எதன்மேலும் ஸ்பிரே ப்ரைமரை நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

கரைப்பானே படாத பலகை உருகி வளைந்திருந்தால் வெயிலைச் சந்தேகிக்கவும். ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த நுரைகள் இளகத் தொடங்கும். கரும்பழுப்பு பூசிய பலகையைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தரையில் காயவைத்தாலும், கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுவந்தாலும் அந்தச் சூட்டை நெருங்குவது கடினமல்ல. நிழலில் மின்விசிறிக் காற்று போதும்.

பட்டி பாளம் பாளமாக வெடிக்கிறது

வறண்ட ஏரித்தரை போல நெடுக வெடித்தால் ஒரே தடவையில் தடிமனாகப் பூசியிருக்கிறீர்கள். ஒரு முறைக்கு 2 மி.மீ.க்கு மிகாமல், முந்தைய அடுக்கு காய்ந்தபின் அடுத்தது என்று பூச வேண்டும். அதைவிடத் தடிமன் வேண்டிய இடத்தில் பட்டியைக் குவிக்காமல் நுரைத்துண்டை ஒட்டி உயர்த்திக்கொள்வதே முறை. வெடிப்பு நுரையும் எம்.டி.எஃப்.பும் சந்திக்கும் கோட்டில் மட்டும் ஓடினால், இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் அசைகின்றன. அந்தக் கோட்டின்மேல் மெல்லிய பருத்தித் துணியையோ மருந்துக்கடைக் காஸ் துணியையோ ஃபெவிகாலில் நனைத்து ஒட்டி, அதன்மேல் பட்டி பார்த்தால் மீண்டும் வெடிக்காது. சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமெண்ட் பட்டியைப் பயன்படுத்தினால் அது காய்வதற்கு முன் இறுகவும் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. விசிறிக்குக் கீழே வைத்து விரைந்து உலர்த்தினால் மாவாக உதிரும். ஏற்கெனவே உதிரும் நிலையில் உள்ளதை நீர்த்த ஃபெவிகால் ஊறவைத்துக் கட்டிவிடலாம்.

மணலும் புல்லும் கையோடு வருகின்றன

பலகையைச் செங்குத்தாக நிறுத்தி அடியில் ஒரு தட்டு தட்டும்போது தூள் உதிர்ந்தால் அது இயல்பு, ஒட்டாத மிகுதி விழுகிறது. விளையாடும்போது உருவத்தின் அடித்தட்டு உரசி, புல் செதில் செதிலாகப் பெயர்ந்து கீழே வண்ணம் தெரிந்தால்தான் கோளாறு. பெயர்ந்த செதிலின் அடிப்புறத்தைப் பாருங்கள். அடியில் பசை பளபளவென்று படலமாக இருந்தால், பசை தூளோடு சேர்ந்திருக்கிறது, தரையோடு சேரவில்லை. தரை தூசியாகவோ எண்ணெய்ப் பசையாகவோ இருந்திருக்கும், அல்லது தூளைத் தூவுமுன் பசை தோல் கட்டியிருக்கும். அடியில் பசையே இல்லாமல் வெறும் தூளாக இருந்தால், மேலிருந்து ஊற்றிய பசைநீர் தரைவரை இறங்கவே இல்லை.

இரண்டாவதே மிகுதியாக நிகழ்வது. நீரின் பரப்பு இழுவிசையால் பசைநீர் மணல்மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது, கீழே போவதில்லை. ஆகவே பசை ஊற்றுவதற்கு முன், ஒரு குவளை நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டுக் கலந்து, மெல்லிய தூவலாகத் தெளித்து நனைக்கவேண்டும். நனைந்த பரப்பில் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு நீர் என்ற கலவையைச் சொட்டுக்குழாயால் விட்டால், மை ஒற்றும் தாளில் மை பரவுவதைப் போல அது தானாகவே ஓடி இறங்கும். சோப்புக்குப் பதில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளிப்பவர்களும் உண்டு. விரைவாக வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் கீழே பூசிய அக்ரிலிக் வண்ணம் இளகிப் புல்லின்மேல் கசிந்துவிடும் வாய்ப்பு உள்ளதால் வண்ணமிட்ட பரப்பில் நான் அதைத் தவிர்க்கிறேன்.

ஆற்றுமணலோ எம்-சாண்டோ எதுவாயினும் மாவுத்தூசியை அலசி நீக்கிக் காயவைத்த பிறகே பயன்படுத்தவும். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உள்ள உப்பு ஈரக்காற்றை இழுத்து, மாதங்கள் கழித்தும் பரப்பை நசநசக்க வைக்கும்.

மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடித்ததும் வெண்படலம் படர்ந்துவிட்டது

பண்ணைச் சுவர்களிலும் கரிய சேற்றுப் பாதையிலும் விபூதி பூசியது போல வெளிறினால், ஸ்பிரே வார்னிஷ் ஈரக்காற்றில் அடிக்கப்பட்டிருக்கிறது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது, படிந்த நீர் வார்னிஷுக்குள் சிக்கி நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாளின் எந்த நேரத்திலும் இது நிகழலாம். டப்பாவைக் குலுக்காமல் அடித்தாலும் வெண்மை வரும், ஆனால் அப்போது மேட் பொடி திட்டுத் திட்டாக நிற்கும். ஈரத்தால் வருவது மேகம் போலச் சீராகப் பரவியிருக்கும்.

இதன்மேல் மீண்டும் வண்ணம் தீட்டிவிட எண்ணுவதற்கு முன், பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் ஒரு கை பூசிப் பாருங்கள். அது துளைகளை நிரப்புவதால் மறைந்த நிறம் பெரும்பாலும் அப்படியே மீண்டுவரும். நன்கு காய்ந்த பிறகு பளபளப்பைக் குறைக்க மேட் வார்னிஷைத் தூரிகையாலேயே பூசலாம்.

பூஞ்சை பிடித்திருக்கிறது, அல்லது ஏதோ அரித்திருக்கிறது

காயாத பலகையை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றியதன் விளைவு இது. மரத்தூள், தேயிலைச் சக்கை, காய்ந்த வேர், தென்னை நார் ஆகியவை பூஞ்சைக்கு உணவு. மைதாப் பசையில் காகிதம் ஒட்டிச் செய்த குன்று கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. பூஞ்சை மேலாக மட்டும் இருந்தால் இளவெயிலில் ஒரு மணிநேரம் காட்டி, காய்ந்ததைத் தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, வினிகரைத் தூவி மீண்டும் உலர்த்தவும். தூளுக்குள்ளேயே வேரோடியிருந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. இயற்கைப் பொருள்களைப் பலகையில் சேர்க்கும் முன் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறட்டி எடுத்துக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். மைதாப் பசைதான் வேண்டும் என்பவர்கள், புத்தகம் கட்டுபவர்கள் செய்வதுபோல அதில் சிறிது மயில்துத்தம் கலந்து காய்ச்சலாம். அது நஞ்சு என்பதால் சமையல் பாத்திரமும் சிறுவர்களின் கையும் அதன் அருகில் வரக்கூடாது.

கம்புநெல் வயலில் உருவங்கள் நிற்க மறுக்கின்றன

வாட்டர்லூக் களத்தில் ரை எனப்படும் கம்புநெற்பயிர் பல இடங்களில் ஆளுயரம் வளர்ந்திருந்தது. 1:72 அளவில் அது 20 முதல் 25 மி.மீ. உயரம். தென்னை நார் மிதியடியை வெட்டி வயலாக்கினால் நிறமும் முறுக்கும் அச்சாகப் பொருந்தும், ஆனால் அதன்மேல் வைத்த உருவம் கவிழும், நார்களுக்கிடையே செருகினால் படையை நகர்த்தவே முடியாது.

மிதியடியை 10 செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித் தனி மெல்லிய அட்டையில் ஒட்டி, பலகையில் ஒட்டாமல் வெறுமனே வைத்துவிடுங்கள். படை உள்ளே நுழையும்போது அந்தத் துண்டை எடுத்துவிட்டு, அதே அளவில், 3 மி.மீ. உயரத்துக்கு நார்களைக் கத்தரித்துச் சாய்த்து ஒட்டிய மிதிபட்ட வயல்துண்டை வைக்கலாம். இது விளையாட்டு வசதிக்காக மட்டும் சொல்லும் சமாதானம் அல்ல: பல்லாயிரம் ஆட்களும் குதிரைகளும் கடந்த வயல் பிற்பகலுக்குள் தரையோடு சாய்ந்துபோயிருந்தது. துண்டை வெட்டும்போது மிதியடியின் ரப்பர் அடிப்புறத்திலிருந்து வெட்டவேண்டும். நார்ப்பக்கத்திலிருந்து வெட்டினால் ஓரம் மொட்டையாகிவிடும்.

வயலும் புல்லும் பொம்மைக்கடைப் பச்சையாகக் கண்ணைப் பறித்தால், அடியில் பூசிய மண்நிறம் வெளிறியது என்பதே பெரும்பாலும் காரணம். பச்சையை மாற்ற வேண்டாம். மழையில் நனைந்த மண்ணின் கரும்பழுப்பைப் புல்லுக்கிடையே நீர்த்த வண்ணமாக இறக்கி, மேலே வெளிறிய வைக்கோல் நிறத்தை உலர்தூரிகையால் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால்) மென்மையாகத் தடவினால் போதும்.

பண்ணைவீடு களத்தையே விழுங்கிவிட்டது

உருவத்துக்குப் பொருத்தமாகக் கதவும் சன்னலும் வைத்து லா ஹே சாந்தைக் கட்டி முடித்து மேசையில் வைத்தபின், பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற தளபதி வெலிங்டனின் படைவரிசை நிற்பதற்கே இடமில்லாமல் போகிறது. இது கைத்திறக் குறை அல்ல, கணக்கு. ஒரு கிலோமீட்டர் நிலத்தை 1:72 அளவில் அப்படியே காட்ட 14 மீட்டர் நீள மேசை வேண்டும். எந்த வீட்டிலும் அது இல்லை. எனவே உருவங்களுக்கு ஓர் அளவும் நிலத்துக்கு வேறோர் அளவும் வைத்துக்கொள்கிறோம், கட்டடம் எந்த அளவைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிக்க மறந்துவிடுகிறோம்.

இதே முடிச்சை வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நமக்கு முன்பே எதிர்கொண்டார். 1830இல் பணிக்கப்பட்டு, லா ஹே சாந்த் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்து, அவர் செய்த வாட்டர்லூ மாதிரி 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்று அந்நகரின் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மைலுக்கு 9 அடி என்பது அவருடைய நில அளவு, அதாவது சற்றேறக்குறைய 1:587. அந்த அளவில் ஒரு மனிதன் 3 மி.மீ. உயரம்தான் இருக்கவேண்டும், அவர் வைத்த வீரர்களோ ஏறத்தாழ 10 மி.மீ. நிலத்தை அணுவணுவாக அளந்த மனிதரே உருவங்களைப் பெரிதாக்கிக்கொண்டார் என்றால், நாம் கட்டடத்தைச் சற்றுச் சுருக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் கைக்கொள்ளும் தீர்வு: உயரத்தை உருவ அளவுக்கும், தரையில் அடைக்கும் இடத்தை அதில் பாதிக்கும் வைத்துக்கொள்வது. 2 மீட்டர்க் கதவு 1:72இல் 28 மி.மீ.; உருவத்தின் அடித்தட்டு 2 மி.மீ. என்றால் கதவை 30 மி.மீ. ஆக்கவும், இல்லாவிட்டால் தலை நிலையில் இடிப்பது போலத் தோன்றும். ஆனால் சுவர் நீளத்தைக் குறைக்க, அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான சன்னல்களில் இரண்டுக்கு ஒன்றை நீக்கிவிடலாம். போரின் போக்கை மாற்றிய உறுப்புகளை மட்டும் நீக்கக்கூடாது. இப்பண்ணையில் அவை தெளிவாகத் தெரிந்தவை: மூடிய முற்றம், தெற்கே பழத்தோட்டம், வடக்கே காய்கறித் தோட்டம், நெடுஞ்சாலையை ஒட்டிய வாயில், மேற்கே வயலை நோக்கிய களஞ்சியத்தின் பெருவாயில். அந்தக் களஞ்சியக் கதவை முந்தைய இரவு மழையில் நடுங்கிய வீரர்களே விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள் பண்ணையைக் காத்த படையின் தலைவர் மேஜர் கெயோர்க் பாரிங்கின் ஆட்கள் கதவில்லாத வாயிலைக் காக்க வேண்டியதாயிற்று. அங்கே அழகான கதவைச் செய்து பொருத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

முற்றத்துக் குளம் பிசுபிசுக்கிறது

அந்த முற்றத்தில் ஒரு குளம் இருந்தது. களஞ்சியத்தில் பிடித்த தீயை வீரர்கள் சமையல் கெண்டிகளில் அக்குளத்து நீரை மொண்டு அணைத்தார்கள். எப்பாக்ஸி ரெசின் ஊற்றிச் செய்த குளம் ஒரு வாரம் கழித்தும் விரலில் ஒட்டினால் இரு திரவங்களின் விகிதம் பிசகியிருக்கிறது, அல்லது கலக்கியது போதவில்லை. அது இனித் தானாக இறுகாது. ஒட்டும் பகுதியை வழித்தெடுத்து, தராசில் நிறுத்துக் கலந்த புதிய ரெசினை மேலே மெல்லிய அடுக்காக ஊற்றவும். சாலைப் பள்ளங்களில் தேங்கிய மழைநீருக்கு ரெசின் தேவையே இல்லை, பளபளப்பு வார்னிஷ் மூன்று கை போதும்.

மேட்டுக்குப் பின்னால் படையை மறைக்க முடியவில்லை

வெலிங்டன் தம் படையின் பெரும்பகுதியை மேட்டின் பின்சரிவில் நிறுத்தியிருந்தார் என்பதால், மறைக்க இயலாத மேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீங்கள் பார்த்து வரைந்த வரைபடத்தை. போரின் நினைவாக மண்ணைக் குவித்து எழுப்பப்பட்டு இன்று களத்தில் நிற்கும் சிங்க மேடு 1826இல் முடிக்கப்பட்டது. 40 மீட்டருக்கு மேல் உயர்ந்த அக்குன்றுக்கான மண் இந்த மேட்டின் நடுப்பகுதியிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. செயற்கைக்கோள் படத்தையும் இன்றைய உயரக்கோடுகளையும் நம்பிச் செய்தால், மேட்டின் உச்சியை ஒட்டி ஓடிய ஓஹேன் சாலையின் குழிந்த பகுதியும் அதன் கரைகளும் இல்லாத சப்பையான மேடுதான் கிடைக்கும்.

வரைபடம் சரியாக இருந்தும் மறைப்பு இல்லையெனில் நூல் கொண்டு சோதிக்கவும். பள்ளத்தாக்கில் மேட்டுச்சியிலிருந்து 60 செ.மீ. தொலைவில் ஒரு பிரெஞ்சு உருவத்தை வைத்து, அதன் கண்ணிலிருந்து உச்சியைத் தொட்டபடி நூலைப் பின்சரிவு வரை இழுத்துப் பிடியுங்கள். அடித்தட்டோடு கண் உயரம் 24 மி.மீ. என்றும், மேடு 25 மி.மீ. நுரைப்பலகை ஒன்றால் ஆனது என்றும் கொண்டால், நூல் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே ஓடும். உச்சிக்கு 15 செ.மீ. பின்னால் பலகைத் தரையில் நிற்கும் 26 மி.மீ. உருவத்தின் தொப்பி நூலில் முட்டும். மேட்டை 40 மி.மீ. ஆக்கினால் அதே இடத்தில் நூல் 44 மி.மீ. உயரத்தில் போகிறது, உருவம் முழுவதும் மறைகிறது. ஆகவே மேட்டின்மேல் 15 மி.மீ. நுரைப்பலகையை ஒட்டி மீண்டும் சரிவு செதுக்க வேண்டியதுதான்.

உயர்த்தும்போது சரிவு செங்குத்தாகி உருவங்கள் சறுக்கத் தொடங்கினால், 10 செ.மீ. நீளத்துக்கு 2 செ.மீ.க்கு மேல் ஏறாதபடி அடிவாரத்தை நீட்டிக்கொள்ளுங்கள், 40 மி.மீ. மேட்டுக்கு ஒரு பக்கச் சரிவு 20 செ.மீ. ஆகும். அதற்கு இடமில்லாதபோது முன்சரிவை மட்டும் அந்த அளவில் வைத்து, பின்சரிவில் உருவத்தின் அடித்தட்டு அமரும் அகலத்துக்குப் படிகளை வெட்டி, படிகளின் விளிம்பைப் புல்லால் மறைத்துவிடலாம். முன்சரிவில் நெடுஞ்சாலை மேட்டை அறுத்துக்கொண்டு போகும் இடத்தில், சாலையைத் தோண்டுவதற்குப் பதில் இருபுறக் கரைகளை உயர்த்தவும். தோண்டினால் அடிப்பலகை தட்டுப்பட்டுச் சாலை சாக்கடை போலத் தெரியும். பக்கத்துப் பலகையில் அந்தச் சாலை தொடரும் விளிம்புக்கு ஒரே அட்டை வார்ப்பை வைத்து இரண்டையும் ஒருசேர வெட்டி, வண்ணம் தீட்டும்போதும் பலகைகளைச் சேர்த்தே வைத்துத் தீட்டினால், மேசையில் இணைக்கும்போது சாலை ஒடியாது.